காட்டுக்குள் போன சஹன் சோறு

சாப்பாடு கொண்டு போகிற பெண்ணை எங்கள் பக்கத்தில் யாரும் மறிப்பதில்லை. என்னை யாராவது மறித்திருக்கலாம்.

ஆஸ்பத்திரி வாசலாக இருக்கட்டும், பள்ளிக்கூடக் கேற்றாக இருக்கட்டும், கையில் சோற்றுப் பார்சலும் முகத்தில் கொஞ்சம் கவலையும் இருந்தால் போதும், "போங்க தங்கச்சி" என்று வழி விட்டுவிடுவார்கள். கவலைக்கு என் முகத்தில் எந்தக் காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. அந்தத் துணிவில்தான் நான் ஒரு நாள் கோழிப் புரியாணி, வட்டிலப்பம், பல் முளைத்துக் கொண்டிருந்த ஒரு கைக்குழந்தை ஆகியவற்றோடு அரசாங்கக் காட்டுக்குள் போனேன். அதற்குப் பிறகு அந்தக் காட்டுக்குள் நாங்கள் யாருமே போகவில்லை.

என் கணவர் ரிஸ்வானுக்கு நுரைச்சோலைப் பக்கம் ஷிப்ட் வேலை. இயந்திரச் சத்தத்துக்குள் எட்டு மணித்தியாலம் நின்றுவிட்டுத் தில்லையடி வீட்டுக்கு வந்தால் அவரிடம் மூன்று சொற்கள்தான் மிச்சமிருக்கும். "ஓம்." "இல்ல." "சாப்பிட்டன்." (சாப்பிடாத நாளிலும் "சாப்பிட்டன்" என்றுதான் சொல்வார். கதையை முடிப்பதற்கு அது வசதியான சொல்.) ஆனால் மாதத்தில் ஓரிரண்டு தடவை பைக்கை எடுத்துக் கொண்டு காட்டுக்குப் போய் வருவார். அன்றைக்கு மட்டும் வீட்டுக்கு வருகிறவர் வேறு மனிதர். சப்பாத்தைக் கழற்ற முன்னமே தொடங்கிவிடுவார். மரை மான் நின்றதாம், கண்ணுக்குக் கண் பார்த்ததாம். பாலை மரம் பழுத்துக் கிடக்கிறதாம். கூட்டாளி அன்ரன் பைக்கோடு சேர்ந்து முள்ளுப் பற்றைக்குள் போய், முதலில் பைக்கைத்தான் வெளியே எடுக்கச் சொன்னாராம். நான் மகளை இடுப்பில் வைத்துக் கொண்டு குசினி வாசலில் நின்று கேட்பேன்.

அந்தக் கதைக்காக நான் அந்தக் காட்டை நேசித்தேன். அந்த பைக்கை வெறுத்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் என்னால் முடியும். எந்த விடயத்திலும் இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத் தோன்றுவதும், பிறகு இரண்டுமே பிழையோ என்று தோன்றுவதும் என் வியாதி. ஆசிரியப் பயிற்சியில் இதற்கு மருந்து தரவில்லை.

காடு என்றால் பெரிய மலைக்காடு இல்லை. புத்தளத்துக்கு வடக்கே, பெரிய றோட்டிலிருந்து இறங்கி ஒரு மரமுந்திரிகைத் தோட்டத்தைத் தாண்டினால் அரசாங்கத்தின் பற்றைக்காடு தொடங்கும். ஒரு காலத்தில் விறகு வண்டில் போன வழி ஒன்று அதற்குள் ஓடி, கடல்நீர் புகுந்த களப்பு ஓரத்தில் முடிகிறது. வண்டில்கள் நின்ற பிறகு காடு இரண்டு பக்கமிருந்தும் நெருங்கி வந்து, ஒரு பைக் போகிற அகலத்தை மட்டும் விட்டு வைத்திருந்தது. அந்த வழியில் போய் வந்தவர்கள் ஐந்தே பேர். என் கணவர், அவரோடு வேலை செய்கிற மூவர், மாம்புரியில் கடற்றொழில் செய்கிற அன்ரன்.

அப்போதுதான் காட்டு வழிகளையெல்லாம் வாகனங்களுக்கு மூடப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. எங்கள் வீட்டு முன் அறையில் கூட்டம் போட்டார்கள். நான் தேத்தண்ணி ஊற்றினேன். அன்ரன் கதிரையில் இருக்காமல் நின்றுகொண்டே கதைத்தார்.

"கடல்ல கோடு போடுறானுகள், இதுக்கங்கால போகாத எண்டு. காட்டுல கேற்று போடுறானுகள். அப்ப நாங்க எங்கதான் போற? ஆகாயத்துக்கா?"

"அங்கயும் லைசென்ஸ் கேப்பான்," என்றார் ஒருவர்.

றோட்டை மறிக்கலாம் என்றார்கள். பதாகை பிடிக்கலாம் என்றார்கள். "காடு மக்களின் சொத்து" என்று எழுதிவிட்டு, படித்த பிள்ளை என்று என்னிடம் காட்டினார்கள். எழுத்துப்பிழை இருக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். "அந்த மரைகளுட சொத்து இல்லையா?" என்று கேட்டேன். பிஸ்கட் தட்டை என் பக்கம் நீட்டினார்கள், கொண்டு போகச் சொல்லி.

ரிஸ்வான்தான் கடைசியில் சொன்னார். "சண்ட வாணாம். அந்த ஒபிசர் மாத்தயாவக் கூட்டிக் கொண்டு போய்க் காட்டுவம். எங்கட டயர் பட்ட இடம் அவர்ர கண்ணுக்குத் தெரிஞ்சா மூடட்டும். தெரியாட்டி விடட்டும்."

அந்த வன அலுவலர் சிலாபம் பக்கத்தவர், சிங்களவர், தமிழ் நன்றாகவே கதைப்பார். எல்லோரும் அவரை மாத்தயா, அதாவது ஐயா, என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். ரிஸ்வான் போய்க் கேட்டதும் ஒத்துக்கொண்டார். ஒரு சனிக்கிழமை வருவதாகவும், தன் கண்ணால் பார்த்துவிட்டு மேலிடத்துக்கு எழுதுவதாகவும் சொன்னாராம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பெருநாள் போலத்தான். ஐவரும் போய் வழியைப் பெருக்காத குறையாகத் துப்புரவாக்கினார்கள். அன்ரன் ஒரு உரப்பை நிறையக் குப்பை பொறுக்கிக் கொண்டு வந்தார். "முக்காவாசி என்ட பீடித்துண்டுதான்," என்று தானே சொன்னார். வழியில் நடுவே ஒரு இடம் களித்தரை, மழை பெய்தால் இடியப்பத்துக்குக் குழைத்த மா மாதிரி ஆகிவிடும். அங்கே பைக்கில் ஏறிப் போகக் கூடாது, இறங்கி ஓரமாக உருட்டித்தான் போக வேண்டும் என்று ரிஸ்வான் எல்லோருக்கும் சட்டம் போட்டார். "அவர் எங்கள பாக்க மாட்டாரு. நிலத்தத்தான் பாப்பாரு," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தக் கிழமை முழுக்க அவரிடம் நிறையச் சொற்கள் இருந்தன. நான் எண்ணிக் கொண்டிருக்காமல் சந்தோசப்பட்டிருக்கலாம். அதுவும் எனக்குத் தெரியாத வேலை.

சாப்பாட்டுப் பேச்சைத் தொடங்கியது நான்தான்.

"வாற மனுசன வெறும் வயித்தோடயா அனுப்புற?"

"வாணாம் சுமையா. லஞ்சம் மாதிரி ஆயிடும்."

"சோறு லஞ்சமா? ஊரெல்லாம் என்ன சொல்லும், வீட்டுக்கு வந்தவருக்கு ஒரு வாய் குடுக்கல்ல எண்டு?"

"அவர் வீட்டுக்கு வரல்ல. காட்டுக்கு வாறார்."

"காட்டுக்கு வந்தா பசிக்காதா?"

கடைசியில், காட்டு வாசலில் ஒரு தகரக் கேற் இருக்கிறது, அங்கே மரமுந்திரிகை மரத்தடியில் வைத்துக் கொடுக்கலாம் என்று சம்மதித்தார். "ஆனா நீ உள்ள வராத. என்ன நடந்தாலும் உள்ள வராத," என்றார். நான் தலையை ஆட்டினேன். நான் எதற்கும் தலையை ஆட்டுவேன். பிறகுதான் யோசிப்பேன்.

அவர்கள் ஐந்து பேர், மாத்தயாவோடு ஆறு. ஆறு பேர் என்றால் ஒரு சஹன். எங்கள் கலியாண வீடுகளில் பெரிய தட்டத்தில் சோற்றைக் கொட்டி, நடுவில் இறைச்சியை வைத்து, ஆறு பேர் வட்டமாக இருந்து ஒரே தட்டத்தில் சாப்பிடுவதைத்தான் சஹன் என்போம். அவரவர் தன் முன்னால் உள்ளதைத் தின்ன வேண்டும். விருந்தாளி இருந்தால் நல்ல துண்டுகளை அவர் பக்கம் தள்ளிவிட வேண்டும். இது சட்டமில்லை, ஆனால் தள்ளாதவனைப் பற்றி வீட்டுக்குப் போய்க் கதைப்பார்கள்.

மாட்டிறைச்சி வேண்டாம், அவர் சாப்பிடுவாரோ தெரியாது என்று கோழி எடுத்தேன். கோழியும் சாப்பிடாதவராக இருந்தால்? பருப்பும் உருளைக்கிழங்கும் வைத்தேன். சீனி வருத்தம் இருந்தால்? வட்டிலப்பத்தில் இனிப்பைக் குறைத்தேன். இனிப்புக் குறைந்துவிட்டதோ என்று கொஞ்சம் கூட்டினேன். விடியும்வரை இதுதான். வெளியே மழை ஊற்றிக் கொண்டிருந்தது. காட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய இரவு அது. நான் வட்டிலப்பத்தைப் பற்றிக் கவலைப்பட்டேன்.

காலையில் அவர்கள் போய்விட்டார்கள். மாத்தயா என் கணவரின் பைக்கில் பின்னால் இருந்து போனார். நான் சாப்பாட்டோடு ஃபலீல் நானாவின் ஆட்டோவில் போய் மரமுந்திரிகை மரத்தடியில் இறங்கினேன். ஃபலீல் நானாதான் என்னை எல்லாக் கிளினிக்குக்கும் கொண்டு போகிறவர். நானா என்று நாங்கள் அழைக்கிற அண்ணன் முறை, நல்ல மனிதர். ஒரே ஒரு குறை, தன் ஆட்டோவைப் பற்றி அவருக்கு இருந்த அபிப்பிராயம்.

காத்திருந்தோம். மழை விட்டிருந்தாலும் வானம் கறுத்தே கிடந்தது. தூரத்தில் பைக் சத்தம் கேட்டுக் கொண்டிருந்தது, எந்த இடத்தில் என்று தெரியாத ஒரு முனகல் மாதிரி. பிறகு அது நின்றது.

நான் போனை எடுத்தேன். சிக்னல் இல்லை. போனைத் தலைக்கு மேலே பிடித்தேன். அப்போதும் இல்லை.

"நானா, சத்தம் நிண்டிட்டு."

"ஓம் தங்கச்சி. நிப்பாட்டி இருப்பாங்க."

"ஏன் நிப்பாட்டுற?"

"எதையாவது பாக்கத்தானே போயிருக்காங்க."

நியாயமான பதில். ஆனால் என் தலைக்குள் அதற்குள் யானை வந்துவிட்டது. யானை வந்தது, பைக் சரிந்தது, மாத்தயா கீழே விழுந்தார், அவருக்கு ஏதும் நடந்தால் ரிஸ்வானைப் பிடிப்பார்கள், வேலை போகும், மகளுக்குப் பால்மா வாங்க ஆளிருக்காது. மகள் என் மடியில் இருந்து ஒரு மரமுந்திரிகை இலையைச் சப்பிக் கொண்டிருந்தாள். இலையைப் பறித்தேன். அழுதாள். நஞ்சா இல்லையா என்று அந்தக் கவலையும் சேர்ந்துகொண்டது.

"சோறும் ஆறுது," என்றேன். உண்மையில் நான் சொன்ன காரணம் இதுதான். கணவருக்கு என்ன ஆனதோ என்று பயந்து கொண்டிருந்தவள் வாயைத் திறந்ததும் வந்தது சோறு ஆறுகிற கதை. "கொஞ்சத் தூரம் உள்ள போய்ப் பாப்பமா நானா?"

ஃபலீல் நானா அதற்காகவே பிறந்தவர் போலச் சிரித்தார். "கொஞ்சத் தூரமா? உப்பளத்து வரப்புல ஓடின ஆட்டோ இது தங்கச்சி. ஏறுங்க!"

ஏறினேன். கேற்றைத் திறந்தது நான்தான்.

முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஒரு பைக்குக்கு என்று காடு விட்டு வைத்த வழியில் ஒரு ஆட்டோ போனால் என்ன நடக்கும்? இரண்டு பக்கமும் கொப்புகள் படபடவென்று முறிந்தன. சீலைக் கூரையை முள் கிழித்தது. மகள் வீறிட்டாள். நான் ஒரு கையால் மகளையும் மறு கையால் சஹன் தட்டத்தையும் பிடித்துக் கொண்டு, இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் வட்டிலப்பச் சட்டியை இறுக்கிக் கொண்டு ஓதத் தொடங்கினேன். எந்த ஓதல் என்று எனக்கே தெரியாது. பயணத்துக்கு ஓதுவது பாதி, மையித்தை அடக்கும்போது ஓதுவது பாதி.

"திரும்புவம் நானா!"

"திரும்ப எங்க இடம் இருக்கு? முன்னுக்குத்தான் போகலாம்!"

முன்னுக்குப் போய் நேரே களித்தரைக்குள் இறங்கினோம்.

ஆட்டோ ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது. ஃபலீல் நானா கிளப்பினார். பின் சில்லுகள் சுற்றின. ஆட்டோ இன்னும் கொஞ்சம் வசதியாக உட்கார்ந்தது. அவர் மறுபடியும் கிளப்ப, சேறு கூரைக்கு மேலாகப் பறந்து போய் மரத்தில் விழுந்தது. நான் மகளோடு இறங்கினேன். முதல் அடியில் ஒரு செருப்புப் போயிற்று. அடுத்த அடியில் மற்றதும் போயிற்று. அவை இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

பைக் சத்தம் மறுபடி கேட்டது. அவர்கள் ஒருவர் பின் ஒருவராக, முனகலுக்கு மேல் சத்தம் எழுப்பாமல், அவ்வளவு மரியாதையாக வந்தார்கள். களித்தரை தொடங்கும் இடத்தில் பழக்கப்படி இறங்கினார்கள், உருட்டிக் கொண்டு போவதற்கு. இறங்கின பிறகுதான் எங்களைக் கண்டார்கள்.

ரிஸ்வான் ஹெல்மெட்டைக் கழற்றினார். "மகள் நல்லமா?" என்றார். "ஓம்" என்றேன். "நீ?" என்றார். "ஓம்." பிறகு நிலத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு நெடுநேரம் என்னைப் பார்க்கவில்லை.

அன்ரன்தான் வாயைத் திறந்தார். "என்ன தங்கச்சி, வீட்டுக்கே சாப்பாடு கொண்டு வந்து தாறதெண்டு கேள்விப்பட்டன். காட்டுக்குமா?"

யாரும் சிரிக்கவில்லை. அவருக்கே சிரிப்பு வரவில்லை.

தள்ளிப் பார்த்தார்கள். அசையவில்லை. கயிறு கட்டி ஒரு பைக்கால் இழுத்தார்கள். பிறகு இரண்டு. பிறகு ஐந்து பைக்கும். காலையிலிருந்து புல்லுக்கு நோகாமல் போய் வந்த டயர்கள் இப்போது பைத்தியம் பிடித்த மாதிரிச் சுற்றின. ஒவ்வொரு டயரும் தன் இடத்தில் ஒரு கிடங்கு தோண்டியது. பைக் பக்கவாட்டில் வழுக்கிப் பற்றைக்குள் போக, மறுபடி இழுத்து வேறு இடத்தில் நிறுத்த, அங்கே இன்னொரு கிடங்கு. சில்லுக்குக் கீழே போட ஏதாவது வேண்டும் என்றார் ஃபலீல் நானா. அன்ரன் இடுப்பிலிருந்த மீன் கத்தியை எடுத்தார், பக்கத்து வீரை மரத்தைப் பார்த்தார், மாத்தயாவைப் பார்த்தார்.

மாத்தயாவின் கையில் அப்போது என் மகள் இருந்தாள். நான் சேற்றில் தள்ள இறங்கியபோது அவர்தான் கையை நீட்டி வாங்கிக் கொண்டார். அன்ரன் பார்த்ததும், மாத்தயா மறுபக்கம் திரும்பி மகளுக்கு ஏதோ ஒரு குருவியைக் காட்டத் தொடங்கினார். அங்கே குருவி இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அது இரக்கமா, அல்லது பார்க்கச் சகிக்காமல் திரும்பினாரா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். கொப்புகள் முறியும் சத்தம் கேட்டது. குருவி இருந்திருந்தால் அதுவும் பறந்திருக்கும்.

ஒன்றும் ஆகவில்லை. ட்ரக்டர்தான் வேண்டும் என்றார் ரிஸ்வான். மூவரில் ஒருவர் மரமுந்திரிகைத் தோட்டத்துக்கு ட்ரக்டர் பார்க்கப் போனார். மற்றவர்கள் சேற்றோடு நின்றார்கள்.

அந்த நேரத்தில் நான் செய்ததை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. "சாப்பிடுவமா?" என்று கேட்டேன்.

வேறு என்ன செய்வது? எனக்குத் தெரிந்த ஒரே நிவாரணம் அதுதான். மாத்தயா, "ஓம், பசிக்குது," என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக் கொண்டு நான் ஓடியாடி வேலை செய்தேன். ஆட்டோவின் இறப்பர் சீலையைக் கழற்றி, கொஞ்சம் காய்ந்த ஒரு இடத்தில் விரித்து, தட்டத்தை வைத்தேன். போத்தல் தண்ணீரில் கை கழுவினார்கள். ட்ரக்டர் பார்க்கப் போனவருடைய இடத்தில் ஃபலீல் நானா இருந்தார். ஆறு பேர். சஹன் நிறைந்தது. நான் தள்ளி நின்று மகளுக்குப் பால் கரைத்தேன்.

சாப்பாடு நன்றாக இருந்தது. அன்றைக்குச் சரியாக நடந்த ஒரே காரியம் அது. வட்டிலப்பம்கூட உடையவில்லை.

முதலில் ரிஸ்வான் ஒரு துண்டை மாத்தயா பக்கம் தள்ளினார். விருந்தாளிக்குச் செய்கிற முறைதான். அன்ரன் ஒன்றைத் தள்ளினார். மற்ற இருவரும் தள்ளினார்கள். ஃபலீல் நானா இரண்டு தள்ளினார், அவருக்குக் குற்ற உணர்ச்சி அதிகம். பார்த்துக் கொண்டிருக்கும்போதே மாத்தயாவின் முன்னால் கோழித் துண்டுகள் குவிந்துவிட்டன. ரிஸ்வான் லஞ்சம் என்று சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. வழக்கமாகத் தள்ளுகிற துண்டுக்கும் கெஞ்சித் தள்ளுகிற துண்டுக்கும் தூரத்தில் நிற்பவளுக்கே வித்தியாசம் தெரிந்தது.

மாத்தயா தன் பங்கு ஒன்றை வைத்துக் கொண்டு, மற்றவற்றை விரலால் மெதுவாக ஒவ்வொருவர் பக்கமாகத் திருப்பித் தள்ளினார். அன்ரனுக்கு ஒன்று. ஃபலீல் நானாவுக்கு இரண்டு. கடைசியாக என் கணவருக்கு. அவர் எங்கள் கலியாணங்களில் இருந்து சாப்பிட்டவராக இருக்க வேண்டும். யாருடைய துண்டு எது என்று பிழை விடவில்லை.

ரிஸ்வான் அந்தத் துண்டைத் தொடவில்லை.

"நான் காலையில உங்கட தடத்தத் தேடினேன்," என்றார் மாத்தயா. "கிடைக்கல்ல. உண்மை. நீங்க சொன்னது சரி."

"மாத்தயா, இது நாங்க வேணுமெண்டு..."

"தெரியும். நோனா பயந்து வந்தது. பிள்ளையோட இருக்கிற ஆள் பயப்படும்." அம்மணி என்கிற மரியாதையில்தான் நோனா என்று சொல்லி, என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அது என்னை இன்னும் கொன்றது. "ஆனா எனக்குப் பயம் பைக் இல்ல. அகலம். ஒரு பைக் போற அகலத்தில மணல் லொறி வர ஏலாது. மரம் ஏத்துறவன் வர ஏலாது. காடே அவங்கள மறிச்சது. இப்ப ட்ரக்டர் வரப் போகுது. ட்ரக்டர் வந்த வழியில அடுத்த கிழமை இன்னொரு ட்ரக்டர் வரும். அது உங்கட ட்ரக்டரா இருக்காது."

அப்போதே சத்தம் கேட்டது. ட்ரக்டர் வந்து கொண்டிருந்தது. நாங்கள் ஆட்டோவால் முறித்தது கொப்புகளை. அது மரங்களை முறித்தது. ஒவ்வொரு முறிவுக்கும் தட்டத்தைச் சுற்றியிருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்தார்கள். அது களித்தரைக்கு வந்து சேர்ந்தபோது அதன் பின்னால் வானம் தெரிந்தது. அதற்கு முன்னால் அந்த வழியில் நின்றால் வானம் தெரியாதாம். ரிஸ்வான் காட்டுக்குப் போய் வந்த நாட்களில் அதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், குடைக்குக் கீழே போகிற மாதிரி என்று.

ஆட்டோவை ஒரே இழுவையில் எடுத்துவிட்டது. மாத்தயா என்னிடம் வந்து, "சோறு ருசி, நோனா," என்றார். அவர் பொய் சொல்லவில்லை. வட்டிலப்பம் இரண்டு தடவை கேட்டு வாங்கினார்.

காட்டு வாசலில் இயந்திரத்தால் ஒரு அகழி வெட்டி, கொங்கிறீட் தூண் நட்டு அந்த வழியை மூடினார்கள். ஒரு பைக் அல்ல, ஒரு ஆடுகூடத் தாண்ட யோசிக்கும் அகழி. ஐவரில் யாரும் எதிர்ப்புக் காட்டவில்லை. பதாகைகள் எங்கள் அலுமாரிக்குப் பின்னால் இருந்தன. ஒன்றை மகள் கிழித்தாள், மற்றதை நான் கறையானுக்குப் பயந்து எறிந்தேன்.

பைக் பின் வளவில் உரச்சாக்குப் போர்த்திக் கொண்டு நின்றது. நான் அந்த பைக்கிலிருந்து இவரைக் காப்பாற்று என்று ஐந்து வேளையும் துஆக் கேட்டவள். கேட்டது கிடைத்துவிட்டது. விவரமாகக் கேட்டிருக்க வேண்டும். இவர் வேலைக்குப் போனார், வந்தார். "ஓம்." "இல்ல." "சாப்பிட்டன்." ஒரு தடவைகூட என்னைக் குறை சொல்லவில்லை. திட்டினால் நானும் திருப்பித் திட்டி அழுது முடித்திருப்பேன். அந்த வசதியையும் அவர் எனக்குத் தரவில்லை. நானாகவே ஒரு நாள் தாங்க முடியாமல் கேட்டபோது, "அது எப்படியும் மூடத்தான் இருந்தாங்க. நீ வந்ததால ஒண்டுமில்ல," என்றார். அதைப் பிடித்துக் கொண்டுதான் அந்த மாரிகாலத்தை ஓட்டிக் கொண்டிருந்தேன்.

டிசம்பரில் நத்தார் பண்டிகைக்கு மாம்புரியில் அன்ரன் வீட்டுக்குப் போனோம். ரிஸ்வான் மகளைத் தூக்கிக் கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டார். அன்ரன் கேக் வெட்டித் தந்தார். நான், எப்படியும் மூட இருந்த வழிதானே என்று, ஆறுதலுக்காகத்தான் சொன்னேன்.

"எப்படியுமா?" என்றார் அன்ரன். "ஆர் சொன்னது? களப்பு ஓரத்தில பைக்க நிப்பாட்டிக் கொண்டு மாத்தயா எங்கட அஞ்சு பேருக்கும் சொன்னாரே. மாரிக்கு மட்டும் மூடுவம், மத்த மாசங்கள்ல நீங்க வாங்க, மரம் வெட்டுறவனக் கண்டா எனக்குச் சொல்லுங்க, எனக்கும் கண் வேணும் எண்டு. ரிஸ்வான் அந்த இடத்திலயே அவரக் கட்டிப் பிடிக்கப் போய்..." அவர் என் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த கேக் முழுவதையும் வாய்க்குள் போட்டுக் கொண்டார்.

பைக் சத்தம் நின்றது அதற்காகத்தான். நான் யானையை நினைத்துக் கொண்டிருந்த அந்த நேரத்தில் அவர்கள் அங்கே நின்று சந்தோசப்பட்டுக் கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் ஒன்றும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

மகள் இப்போது நர்சரிக்குப் போகிறாள். எங்கள் குடும்பத்தில் யார் எங்கே புறப்பட்டாலும், "சாப்பாடு கேற்றடியோட நிக்குமா, உள்ள வருமா?" என்று ஒருவர் கேட்காமல் விடுவதில்லை. என் தங்கச்சி மாப்பிள்ளை ஹஜ்ஜுக்குப் போனபோதுகூட விமான நிலைய வாசலில் வைத்துக் கேட்டார்கள். எனக்கு ட்ரக்டர் நோனா என்று பெயர். இந்தக் கதையை முதன்முதலில் கலியாண வீடொன்றில் எடுத்து விட்டவர் வேறு யாருமில்லை, ரிஸ்வான்தான். அதுவரை அவர் சபையில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. இப்போது கூட்டம் சேர்ந்தால் அவரைத்தான் சொல்லச் சொல்வார்கள். ஃபலீல் நானா மாதிரிச் சிரிப்பார். ஆட்டோ பெருமூச்சு விடுவதைச் செய்து காட்டுவார். நான் முழங்காலுக்கு நடுவில் சட்டியை இறுக்கிக் கொண்டிருந்ததை அவர் பார்க்கவே இல்லை, ஆனால் பார்த்தவர் மாதிரிச் சொல்வார், அச்சொட்டாக. ஆட்கள் வயிற்றைப் பிடித்துக் கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஒவ்வொரு தடவையும் யாராவது கேட்பார்கள். "அப்ப அந்த மாத்தயா, நீங்க சாப்பாடு கொண்டு போகாட்டி விட்டிருப்பாரோ?"

"எங்க விடுற!" என்பார் ரிஸ்வான், என் பக்கம் திரும்பாமல். "அவர் முடிவெடுத்துக் கொண்டுதான் வந்தாரு. எங்கட சோறுதான் அநியாயமாப் போச்சு."

மறுபடி சிரிப்பு. அவர் அடுத்த பகுதிக்குப் போய்விடுவார், ட்ரக்டர் வருகிற பகுதி. கை இரண்டையும் அகட்டி, மரங்கள் முறிகிற சத்தத்தை வாயாலேயே எழுப்புவார். வேறு எதைப் பற்றியும் இவ்வளவு நேரம் கதைக்காத மனிதர். இடையில் புகுந்து திருத்த எனக்கு வாய் வருவதில்லை.